கரிசல் கருப்பு, தேரி செவப்பு, உப்பு வெள்ளை... கடல் ஏன் நீலம்?

விளாத்திகுளம் தாலுகாவுல இருக்குற குளத்தூரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா நிறத்தை வச்சே சொல்லிரலாம். ஊரைச் சுத்தி கரிசக்காடு. கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, வத்தல்னு விளையுற கருப்பு மண். அங்கேருந்து கிழக்கே போனா வைப்பார், வேம்பார்ப் பக்கம் உப்பளம், வெள்ளை. அதைத் தாண்டினா மன்னார் வளைகுடா, நீலம். தெற்கே தூத்துக்குடி, திருச்செந்தூர் தாண்டிப் போனா குதிரைமொழித் தேரி, ரத்தச் செவப்பு மணல். ஒரு பைக்கும் அரை நாளும் இருந்தா நாலு நிறத்தையும் பாத்துட்டு வீட்டுக்கு வந்துரலாம்.

இந்த நாலும் ஏன் நாலு நிறமா இருக்குன்னு கேட்டா, "அது அப்படித்தான், மண்ணோட குணம்"னு சொல்லிட்டுப் போயிருவோம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி முந்நூத்தம்பது வருச வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான அத்தியாயத்தை எழுதினவர்ல ஒருத்தர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். அவரைப் பத்தி கடைசியில வர்றேன். நீளமான பதிவு மக்களே, டீயோ காப்பியோ எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க.

துணிக்கடை வாசல்

சேலை எடுக்கப் போற அம்மாக்களைக் கவனிச்சிருக்கீங்களா? கடைக்குள்ள டியூப் லைட் வெளிச்சத்துல பத்து சேலையைப் புரட்டிப் பாப்பாங்க. புடிச்ச சேலையைக் கையில எடுத்துக்கிட்டு நேரா கடை வாசலுக்கு வருவாங்க. வெயில்ல ஒரு தடவை விரிச்சுப் பாத்தாத்தான் மனசு ஆறும். உள்ள அரக்குன்னு நெனச்சது வெளியில வேற மாதிரி இருக்கும். கடைக்காரரும் "தாராளமா பாருங்கம்மா"ன்னு சொல்லிருவார். அவருக்கும் தெரியும்.

சேலை மாறல. மாறினது வெளிச்சம். அப்போ நிறம் சேலைக்குள்ள இல்லையா?

இதே சங்கதியை ஐசக் நியூட்டன் 1672ல இங்கிலாந்து ராயல் சொசைட்டியோட இதழ்ல கட்டுரையா எழுதினார். முப்பட்டகத்துல சூரிய ஒளியை விட்டா ஏழு நிறமாப் பிரியும்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே கட்டுரைதான். அதுல பாடப்புத்தகம் அவ்வளவா சொல்லாத ஒரு பகுதி உண்டு. பிரிஞ்ச ஒளியில ஒரே ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, இருட்டு அறையில செவப்புப் பொடி மேலயும் நீலப் பொடி மேலயும் அடிச்சுப் பாத்தார். செவப்பு ஒளியில ரெண்டுமே செவப்பாத்தான் தெரிஞ்சுது. நீல ஒளியில ரெண்டும் நீலம். என்ன வித்தியாசம்னா, செவப்புப் பொடி செவப்பு ஒளியில பளிச்சுன்னு இருந்துச்சு, நீலப் பொடி அதே ஒளியில மங்கலா இருந்துச்சு. பொருள் நிறத்தை உண்டாக்குறதில்ல, வர்ற ஒளியில சிலதைத் திருப்பி அனுப்புது, சிலதை வச்சுக்குதுன்னு அவர் முடிவு பண்ணினார்.

பழைய சோடியம் தெருவிளக்கு இருந்த காலத்துல இதை எல்லாருமே பாத்திருப்போம். அந்த மஞ்சள் வெளிச்சத்துல நீலச் சட்டையும் கருப்புச் சட்டையும் ஒண்ணுபோலத் தெரியும். அந்த விளக்குல நீலமே கிடையாது. இல்லாத ஒண்ணைச் சட்டை எப்படித் திருப்பி அனுப்பும்?

ஒளி ஒண்ணு, பொருள் ரெண்டு. மூணாவது ஆள் நம்ம கண்ணு. 1802ல தாமஸ் யங் ஒரு யோசனை சொன்னார்: கண்ணுக்குள்ள ஆயிரம் நிறத்துக்கு ஆயிரம் உணர்கருவி இருக்க வழியில்ல, மூணே மூணு வகை இருந்தாப் போதும், மத்தது எல்லாம் அதோட கலவைன்னு. அது சரிதான்னு பின்னாடி உறுதியாச்சு. என்னை மாதிரி நாள் பூரா கம்ப்யூட்டர் திரையை முறைச்சுக்கிட்டு இருக்குறவங்களுக்கு இது தினப்படி விஷயம். திரையில மஞ்சளுக்குன்னு தனி விளக்கு கிடையாது. செவப்பும் பச்சையும் சேந்து எரியுது, கண்ணு அதை மஞ்சள்னு நம்பிருது.

சிவகாசிக்காரங்க இதையே மையில பண்ணிப் பொழைச்சாங்க. கோவில்பட்டியில வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுவோட (1898–1976) முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியா காலண்டராகி, தமிழ்நாட்டுல பூஜை அறை பூஜை அறையா போய்ச் சேந்தாங்க. இப்போ அச்சாகுற சாமி காலண்டர் ஒண்ணை எடுத்து பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. முருகனோட மயில்ல பச்சை மையே இருக்காது. மயில்நீலமும் மஞ்சளும் புள்ளி புள்ளியா பக்கத்துல பக்கத்துல இருக்கும். இளஞ்செவப்பு, மயில்நீலம், மஞ்சள், கருப்புன்னு நாலே மை. மிச்சத்தை எல்லாம் பாக்குறவங்க கண்ணு முடிச்சுக் கொடுத்துருது.

சரி, அடிப்படை இதுதான். இப்போ ஒவ்வொரு நிறமாப் போவோம்.

கருப்பு

கருப்புங்கிறது வர்ற ஒளியை எல்லாம் முழுங்கிட்டு எதையும் திருப்பித் தராத நிலை. முழுங்கின ஒளி சூடா மாறும். சித்திரை வெயில்ல கரிசக்காட்டுல செருப்பில்லாம நடந்து பாத்தவங்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்ல.

ஆனா கரிசல் ஏன் முழுங்குது? "நல்ல மக்கு இருக்கு, அதான் கருப்பு"ன்னு பொதுவா ஒரு நம்பிக்கை. உண்மையில நம்ம பக்கத்துக் கரிசல்ல கரிமச்சத்து நூத்துக்கு ஒரு பங்கு கூடத் தேறாது. இன்னொரு நம்பிக்கை, கரிசல்னாலே எரிமலைப் பாறையிலேருந்து வந்ததுன்னு. மகாராஷ்டிரத்துக் கரிசலுக்கு அது சரி. தென் தமிழ்நாட்டுக் கரிசலுக்கு அடியில இருக்குறது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறைதான். நிறத்துக்கு மண்ணியல்காரங்க சொல்ற காரணம் ரெண்டு. ஒண்ணு, இருக்குற கொஞ்ச மக்கும் களிமண்ணோட பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு துகளையும் மெல்லிசா போத்தியிருக்கு. இன்னொண்ணு, டைட்டானியம் கலந்த காந்த இரும்புத் தாது சில இடத்துல பொடியாக் கலந்து கிடக்கு. கொஞ்சூண்டு மை பெரிய துணியைக் கருப்பாக்குற மாதிரிதான். அளவு முக்கியமில்ல, எப்படிப் பரவியிருக்குங்கிறதுதான் முக்கியம்.

இந்த மண்ணை வச்சு ஆராய்ச்சி பண்ணுறதுக்குன்னே கோவில்பட்டியில 1901லேருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மண்ணைப் பத்தி ஆராயுறவங்க கையில ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பக்கம் பக்கமா நிறக் கட்டம் ஒட்டி, கட்டத்துக்குப் பக்கத்துல ஓட்டை போட்டிருக்கும். ஓட்டைக்குப் பின்னாடி மண்ணை வச்சு எந்தக் கட்டத்தோட பொருந்துதுன்னு பாப்பாங்க. 'கருப்பு'ன்னு எழுதுனா ஆளுக்கு ஒரு கருப்பு. '10 ஒய்.ஆர். 3/1'னு எழுதுனா உலகம் பூரா ஒரே கருப்பு. இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் ஆல்பர்ட் மன்செல், 1905ல. அவர் மண்ணியல்காரர் இல்ல, அமெரிக்காவுல ஓவியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்!

அந்தப் புத்தகத்துல மண்ணைக் காய்ஞ்ச நிலையிலயும் ஈரமாவும் ரெண்டு தடவை பாக்கணும். ஏன்னா ஒரே மண்ணுக்கு ரெண்டு நிறம். கோடையில வெடிச்சுக் கிடக்குற கரிசல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஐப்பசியில முதல் மழை விழுந்ததும் அதே காடு மையா மாறிரும். தண்ணிக்கு நிறமில்ல, மண்ணும் மாறல. பின்ன என்ன நடக்குது?

1925ல ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம்னு ஸ்வீடன்காரர் ஒருத்தர் விளக்கம் சொன்னார். காய்ஞ்ச மண்ணுல பட்ட ஒளி தெறிச்சு நேரா வெளியே போயிரும். ஈர மண்ணுல ஒவ்வொரு துகளுக்கு மேலயும் தண்ணிப் படலம் இருக்கு. மண்ணுல பட்டுத் தெறிக்கிற ஒளி சாய்வா வந்தா அந்தப் படலத்தோட மேல்பரப்பைத் தாண்ட முடியாம திரும்ப மண்ணு மேலயே விழும். மறுபடி தெறிக்கும், மறுபடி விழும். ஒவ்வொரு தடவையும் மண்ணு கொஞ்சம் முழுங்கிக்கும். தண்ணி செய்யுறது ஒளியை உள்ளயே சிறை வைக்குற வேலை. நனைஞ்ச சட்டை, நனைஞ்ச ரோடு எல்லாம் கருக்குறதும் இதனாலதான்.

செவப்பு

தேரி மணலை ஒரு கைப்பிடி எடுத்து அமிலத்துல நல்லா ஊறவச்சுக் கழுவினா உள்ள இருக்குறது சாதாரண வெள்ளை மணல். செவப்பு எல்லாம் மேல ஒட்டியிருக்குற மெல்லிய இரும்பு ஆக்சைடு பூச்சு, அதாவது ஹேமடைட். இரும்புல இருக்குற எலக்ட்ரான்களுக்கு நீலமும் பச்சையும் தோதான தீனி. அதை எடுத்துக்கிட்டு செவப்பை விட்டுருது. செங்கல் சூளையிலயும் இதே கதை. போடும்போது பழுப்பு, எடுக்கும்போது செவப்பு. மண்ணுல தண்ணியோட சேந்திருந்த இரும்பு, சூட்டுல தண்ணியை விட்டுட்டு ஹேமடைட்டா மாறிருது.

இந்த வித்தையை நம்மாளுங்க சூளைக்குள்ள வச்சு ஆட்டிப் படைச்சிருக்காங்க. தாமிரபரணிக் கரையில ஆதிச்சநல்லூர்ல 1899லேருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ தாழிகளோட கிடைச்சது கருப்பு-சிவப்புப் பானைகள். ஒரே பானை, ஒரே மண்ணு. உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருப்பு, வெளியில கீழ்ப்பக்கம் செவப்பு. சாயம் பூசினது இல்ல. பானையைக் கவுத்தி, வாய்ப்பக்கம் காத்துப் படாதபடி சுட்டா இப்படி வரும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. காத்து பட்ட பக்கம் இரும்பு ஆக்சிஜனைக் குடிச்சுச் செவந்துச்சு. படாத பக்கம் ஆக்சிஜனை இழந்து, புகைக் கரியையும் வாங்கிக்கிட்டுக் கருத்துச்சு. சூத்திரம் எழுதி வைக்கத் தெரியாட்டாலும் கை சரியாச் செஞ்சிருக்கு.

வெள்ளை

உப்பு இன்னும் வேடிக்கை. ஒரே ஒரு கல்லுப்பை எடுத்துக் கண்ணுகிட்ட வச்சுப் பாருங்க. வெள்ளையா இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும். அம்பாரமாக் குவிச்சாத்தான் வெள்ளை. ஒவ்வொரு படிகமும் எந்த நிறத்தையும் முழுங்குறதில்ல, அங்கங்க தெறிக்க மட்டும் விடுது. லட்சக்கணக்கான முகங்கள்ல பட்டுத் தெறிச்சு எல்லா நிறமும் கலந்தே வெளிய வருது. சோப்பு நுரை வெள்ளையா இருக்குறதும், கண்ணாடியைப் பொடிச்சா வெள்ளையாகுறதும் இப்படித்தான். இங்க நிறப்பொருளே கிடையாது.

முழுங்காம எல்லாத்தையும் திருப்பி அனுப்புற அந்த வெளிச்சம் எங்க போகும்? பாத்தியில வேலை பாக்குறவங்க கண்ணுக்குத்தான். மேலேருந்து வெயில், கீழேருந்தும் வெயில். நமக்குப் போட்டோவுல அழகாத் தெரியுற வெள்ளை அங்க காலையிலேருந்து நிக்குறவங்களுக்குக் கண்கூச்சமும் எரிச்சலும்.

நிறப்பொருள் இல்லாமலே நிறம் வர்றதுக்கு இன்னொரு வழி மயிலிறகு. (கம்பு விதைச்ச சம்சாரிங்க மயில் பேரைச் சொன்னாலே கடுப்பாவாங்க, அது வேற கதை.) நீல இறகைப் பொடியா அரைச்சா நீலப் பொடி வராது, பழுப்புப் பொடிதான் வரும். இறகுக்குள்ள ஒழுங்கா அடுக்கியிருக்குற நுண்ணிய அமைப்புல தெறிக்குற ஒளி அலைகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து சில நிறத்தைக் கூட்டுது, சிலதை அழிக்குது. அடுக்கு குலைஞ்சா நிறம் போச்சு. மன்னார் வளைகுடா முத்தோட மினுமினுப்பும் இந்த ஜாதிதான். சிப்பி, பறவை இறகு இதோட நிறங்களைப் பத்தி 1930கள்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணினவர் சர் சி.வி. ராமன். நோபல் வாங்கினப்புறம் இறகும் சிப்பியும் பொறுக்கிக்கிட்டு இருந்தார். மனுசனுக்கு நிறத்து மேல அப்படி ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியம் புடிச்சது ஒரு கப்பல் பயணத்துலன்னு சொல்லலாம்.

நீலம்

வானம் ஏன் நீலம்னு 1871ல ராலே பிரபு கணக்குப் போட்டுச் சொல்லிட்டார். சின்னத் துகள்கள் நீல ஒளியை செவப்பை விட ரொம்ப அதிகமாச் சிதறடிக்கும். 1899ல, தூசி தேவையில்ல, காத்தோட மூலக்கூறே அந்த வேலையைச் செய்யும்னும் காட்டினார். கடலைப் பத்திக் கேட்டப்போ, ஆழ்கடலோட நீலத்துக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல, வானத்தோட நீலம் கடல்ல பட்டுத் தெரியுதுன்னு 1910ல சொல்லிட்டார். ராலே சொன்னா யாரு மறுக்குறது?

1921ல, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரா இருந்த, திருச்சியில பொறந்த முப்பத்திரெண்டு வயசு ராமன் முதல் தடவையா வெளிநாடு போனார். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு மாநாடு. திரும்பி வரும்போது நர்குண்டாங்கிற கப்பல். மத்தியதரைக்கடலோட நீலம் அவரை உலுக்கிருச்சு. கையில ஒரு நிக்கல் பட்டகம் வச்சிருந்தார். இன்னைக்கு போலராய்டு கூலிங்கிளாஸ் செய்யுற வேலையை அன்னைக்கு அது செய்யும். தண்ணி மேல ஒரு குறிப்பிட்ட சாய்வுல பட்டுத் தெறிக்கிற ஒளியை அந்தப் பட்டகத்தால மறைச்சிரலாம். ராமன் அதைத்தான் செஞ்சார். வானத்தோட பிம்பம் மறைஞ்சுது. ராலே சொன்னது சரின்னா நீலம் போயிருக்கணும். போகல, முன்னைவிட ஆழமான நீலமாத் தெரிஞ்சுது.

கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்ததும் 1921 செப்டம்பர் 26 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். கடல் நீலம் வானத்தோட எதிரொளிப்பு இல்ல, தண்ணி மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குதுன்னு. நம்ம பாடப்புத்தகத்துல கதை இங்க முடிஞ்சிரும். "கடல் ஏன் நீலம்? ராமன் கண்டுபிடித்தார்." ரெண்டு மார்க்.

கதை முடியல.

வத்திராயிருப்புக்காரர்

கல்கத்தாவுக்குத் திரும்பினதும் ராமன் தன்னோட மாணவர்களை எல்லாம் இதுல இறக்கிவிட்டார். தண்ணி, எண்ணெய், ஆல்கஹால்னு கிடைச்ச திரவத்துல எல்லாம் ஒளி எப்படிச் சிதறுதுன்னு பாக்குறது. 1923ல கே.ஆர். ராமநாதன், பாலக்காட்டுக்காரர், தண்ணியில ஊதா ஒளியை விட்டுப் பாத்தப்போ, சிதறின ஒளியில கூடவே வேற நிறம் ஒண்ணு மங்கலா எட்டிப் பாத்துச்சு. அழுக்கா இருக்கும், அதான் ஒளிருதுன்னு நெனச்சாங்க. திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணினாங்க. அந்த மங்கல் போகவேயில்ல.

இந்த இடத்துல உள்ள வர்றார் கே.எஸ். கிருஷ்ணன். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4ல பொறந்தவர். ஊர் வத்திராயிருப்பு. அப்போ திருநெல்வேலி ஜில்லா, இப்போ விருதுநகர் மாவட்டம். நம்ம கரிசல் பூமி மேற்கே மலையடிவாரத்துல முடியுற இடம். வத்திராயிருப்புலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் பள்ளிக்கூடம், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1920ல ராமனைத் தேடிக் கல்கத்தாவுக்குப் போனவர், 1923ல அவர்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேந்தார். 1924-25ல அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைச் சுத்தம் பண்ணிப் பாத்தார். அந்த மங்கல் ஒளி ஒண்ணு ரெண்டுல இல்ல, பரவலா எட்டிப் பாத்துச்சு. அத்தனையிலயும் அழுக்கா இருக்கும்?

1928 ஜனவரியில அங்க வேலை பாத்த வெங்கடேஸ்வரன், கிளிசரின்ல சிதறின ஒளி நீலத்துக்குப் பதிலா பச்சையா இருக்குறதைக் கவனிச்சார். பிப்ரவரி முதல் வாரத்துல ராமன் கிருஷ்ணனை மறுபடி இந்தச் சோதனையில உக்கார வச்சார். கிருஷ்ணன் அந்த நாட்களை டைரியில எழுதி வச்சிருக்கார். சோதனை ரொம்ப எளிமை. சூரிய ஒளியை லென்ஸ் வழியா குவிச்சு, ஒரு நீல-ஊதாக் கண்ணாடி வழியா திரவத்துக்குள்ள விடணும். பக்கத்துல நின்னு பாக்குறப்போ கண்ணுக்கு முன்னால மஞ்சள்-பச்சைக் கண்ணாடி. முதல் கண்ணாடி விட்ட நிறத்தை ரெண்டாவது கண்ணாடி விடாது. அதனால இருட்டாத்தான் இருக்கணும்.

இருட்டா இல்ல. வெளிச்சம் தெரிஞ்சுது. அந்த ஒளிக்கு முனைவாக்கம் இருந்துச்சு, சாதாரண ஒளிர்தலுக்கு அப்படி இருக்காது. ஆக, உள்ள போன ஒளியோட நிறமே திரவத்துக்குள்ள மாறியிருக்கு. பிப்ரவரி 28ந் தேதி பாதரச விளக்கும் நிறமாலை காட்டியும் வச்சுப் பாத்தப்போ புதுக் கோடுகள் சுத்தமாத் தெரிஞ்சுது. 'நேச்சர்' இதழ்ல மார்ச் 31ல வந்த முதல் கடிதத்துல ரெண்டு பேர் கையெழுத்து: ராமன், கிருஷ்ணன்.

1930ல நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். இதை வச்சு இன்னைக்கும் சண்டை உண்டு. ஏழு வருசமா கேள்வியை விடாம தொரத்தினது ராமன், ஆய்வுத் திட்டமே அவரோடது, அதனால பரிசும் அவருக்குத்தான்னு ஒரு கட்சி. கண்ணு வலிக்க வலிக்க இருட்டுல உக்காந்து பாத்தவருக்கும் பங்கு உண்டுன்னு இன்னொரு கட்சி. ராமன் தன் நோபல் உரையில கிருஷ்ணன், ராமநாதன், வெங்கடேஸ்வரன் பேரையெல்லாம் சொல்லியிருக்கார். கிருஷ்ணன் வெளியில வந்து உரிமை கேட்டுச் சண்டை போடல. 1928 கடைசியில டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார். படிகங்களோட காந்தப் பண்புல தனியாப் பேர் வாங்கி 1940ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947ல டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநர். ஓட்டுப் போட்டதும் நம்ம விரல்ல வைக்குற மையோட சூத்திரம் அந்த ஆய்வுக்கூடத்திலேருந்து வந்ததுதான். அதுல இருக்குற வெள்ளி நைட்ரேட் வெளிச்சம் பட்டாக் கருக்கும். இத்தனைக்கும் நடுவுல தமிழ்லயும் அறிவியல் எழுதினார். 1961 ஜூன்ல காலமானார்.

எனக்கு இந்தப் பரிசுச் சண்டையில எந்தக் கட்சின்னு கேட்டா, ஒரு கட்சியிலயும் சேர மாட்டேன். என் வருத்தம் வேற. பரிசு ஒருத்தருக்குன்னு ஸ்டாக்ஹோம் முடிவு பண்ணலாம். ஞாபகமும் ஒருத்தருக்குத்தான்னு யார் முடிவு பண்ணினது? வத்திராயிருப்புலேருந்து ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்குற நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கிட்ட கிருஷ்ணன் யாருன்னு கேட்டா எத்தனை பேருக்குத் தெரியும்?

விட்டுப்போன பாதி

ராமன் கடிதத்தோட கடல் கதை முடியலன்னு சொன்னேன்ல? வானத்தோட பிம்பம் இல்லைன்னு ராமன் காட்டினது சரி. தண்ணி சிதறடிக்குதுங்கிறதும் சரி. ஆனா கடல் நீலத்துக்குப் பெரிய காரணம் சிதறல் மட்டுமில்ல. தண்ணி செவப்பு ஒளியைத் தின்னுது. ஒரு டம்ளர் தண்ணியில தெரியாத அளவுக்குக் கொஞ்சமா. ஆனா தெளிஞ்ச கடல்ல பத்து மீட்டர் ஆழம் போனா செவப்பு பெரும்பாலும் காலி. அந்தக் காலத்துல நம்ம கடல்ல முத்துக் குளிச்சவங்க இறங்கின ஆழத்துல செவப்புத் துணி கூட கருத்த மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். செவப்பு போனப்புறம் மிஞ்சுற நீலத்தைத்தான் தண்ணி சிதறடிச்சு மேல அனுப்புது.

ஏன் செவப்பை மட்டும் தின்னுது? தண்ணி மூலக்கூறுல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஸ்பிரிங்ல கட்டின குண்டு மாதிரி அதிர்ந்துக்கிட்டே இருக்கு. அந்த அதிர்வோட மேல்சுருதி ஒண்ணு செவப்பு ஒளியோட ஒத்துப் போகுது. அதனால செவப்பை வாங்கி அதிர்வாக்கிருது. ஹைட்ரஜனுக்குப் பதிலா கனமான டியூட்டிரியம் வச்ச கனநீர்ல அதிர்வு மெதுவாகி, தீனி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துருது. அதனால கனநீருக்கு அந்த நீலம் இல்ல.

இப்போ கல்கத்தாவுக்குத் திரும்புங்க. கிருஷ்ணன் கண்ணாடி வழியா பாத்த அந்த நிறம் மாறின ஒளி என்னது? உள்ள போன ஒளி மூலக்கூறு மேல மோதி, தன்னோட சக்தியில ஒரு பங்கை அதோட அதிர்வுக்குக் கொடுத்துட்டு, குறைஞ்ச சக்தியோட வேற நிறமா வெளிய வந்திருக்கு. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்தா மூலக்கூறு எப்படி அதிருதுன்னு தெரிஞ்சிரும். ராமன் விளைவுங்கிறது அதுதான்!

கடல் ஏன் நீலம்னு கிளம்பினாங்க. பதில்ல பாதியை 1921ல சொன்னாங்க. மிச்சப் பாதி மூலக்கூறோட அதிர்வுல இருந்துச்சு. அந்த அதிர்வைப் பாக்குறதுக்கான கருவியையே 1928ல கண்டுபிடிச்சாங்க, கடலை மறந்துட்டு! மருந்துக் கம்பெனியிலேருந்து, ரத்தினக்கல்லு அசலா போலியான்னு பாக்குற பரிசோதனைக்கூடம், செவ்வாய் கிரகத்துல ஓடுற பெர்சிவரன்ஸ் ஊர்தி வரைக்கும் இன்னைக்கு அந்தக் கருவி வேலை செய்யுது.

பொருளுக்கு ஏன் நிறம்னு கேட்டா ஒரே பதில் இல்லைங்கிறது இந்நேரம் புரிஞ்சிருக்கும். கரிசலுக்கு ஒரு காரணம், தேரிக்கு ஒண்ணு, உப்புக்கு ஒண்ணு, மயிலுக்கு ஒண்ணு, கடலுக்கு ரெண்டு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு ஆள் இல்ல, பல ஆள். நியூட்டனுக்கும் பேர் தெரியாத ஆதிச்சநல்லூர்க் குயவருக்கும் இதுல இடம் இருக்கு.

1987லேருந்து பிப்ரவரி 28ஐ தேசிய அறிவியல் தினமாக் கொண்டாடுறோம். பள்ளிக்கூடத்துல ராமன் படத்துக்கு மாலை போடுவாங்க, பேச்சுப் போட்டி வைப்பாங்க. இந்தப் பக்கம் வாத்தியார் யாராச்சும் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். ஒரு நீலக் கண்ணாடித்தாள், ஒரு மஞ்சள் கண்ணாடித்தாள், ஒரு டார்ச் லைட் போதும். ரெண்டு தாளையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு டார்ச்சை அடிச்சு, ஒளி எவ்வளவு மங்கிப் போகுதுன்னு பசங்களுக்குக் காட்டுங்க. "நல்ல கண்ணாடியா இருந்தா முழு இருட்டா இருக்கணும், அந்த இருட்டுல ஒரு வெளிச்சத்தைப் பாத்தவர் வத்திராயிருப்புக்காரர்"னு சொல்லுங்க. ராமன் படத்துக்குப் பக்கத்துல இன்னொரு படம் மாட்ட ஆணி ஒண்ணு செலவாகும், அவ்வளவுதான்.

பி.கு: மத்தாப்புல செவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம்னு சிவகாசி நிறங்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சா பதிவு ரெண்டு மடங்காயிரும்னு விட்டுட்டேன். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் கிருஷ்ணனைப் பத்தி ஊர்ல பெரியவங்க சொல்லிக் கேட்டது ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தனிப் பதிவாவே போட்டுரலாம்.